துறவி நண்டும் குழந்தைப் படநூல்களும்

கடற்கரை உயிர்களைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்திய அமெரிக்கப் படநூல்களில் துறவி நண்டுக்குத் தனி இடம் உண்டு. இதன் பின்னுடல் மென்மையானது. எனவே இறந்த நத்தைகளின் வெற்று ஓட்டுக்குள் புகுந்து வாழும். வளர வளரப் பெரிய ஓட்டுக்குக் குடிபெயரும்.

ஹாலிங் சி. ஹாலிங் எழுதிய 'பாகூ' 1957இல் வெளிவந்தது. பகூரஸ் என்னும் பேரினப் பெயரின் சுருக்கமே இத்தலைப்பு. எழுத்து மிகுந்த நூல்; மழலையருக்கு ஏற்றதன்று.

1959இல் ஆலிஸ் கௌடி எழுத, அட்ரியன் ஆடம்ஸ் படம் வரைந்த 'ஹவுசஸ் ஃப்ரம் தி சீ' வந்தது. மறு ஆண்டு கால்டெகாட் சிறப்புத் தகுதி பெற்றது. இதில் இரு பிள்ளைகள் கரையில் கிளிஞ்சல்களைப் பொறுக்கி, அவற்றின் பெயர்களை அறிகின்றனர். பெயர் கற்பிக்க நல்ல வழிதான். ஆனால் வெற்று ஓட்டுக்கும் கடலில் தேவை இருக்கிறது. ஓடுகள் குறைந்த இடத்தில் நண்டுகள் அவற்றுக்காகச் சண்டையிடும். இறுக்கமான ஓட்டில் சிக்கிய நண்டின் வளர்ச்சி குன்றும்.

எரிக் கார்லின் 'எ ஹவுஸ் ஃபார் ஹெர்மிட் கிராப்' (1987) இத்தேவையையே கதையாக்கியது. வண்ணம் தீட்டிய மெல்லிய தாள்களை வெட்டி ஒட்டிய படங்கள். மாதந்தோறும் நகரும் கதை. முடிவில் பழைய ஓடு பிள்ளையின் வாளிக்குப் போகவில்லை, சிறிய நண்டு ஒன்றுக்குப் போகிறது. ஓட்டை அழகுபடுத்த நட்சத்திர மீன் வருவது கற்பனை. கடற்சாமந்தி ஒட்டி வாழ்வதோ உண்மை: அதன் கொட்டும் இழைகள் நண்டுக்குக் காவல்; நண்டு சிதறும் இரை அதற்கு உணவு.