மூன்று வயதா, ஐந்து வயதா? கடல் கடந்த பிள்ளைகளின் பள்ளிக்கணக்கு

மாப்பிள்ளைக்குப் பாரிஸ் பக்கம் வேலை கிடைத்து ஜனவரியிலேயே போய்விட்டார். மகளும் பேத்தியும் ஆகஸ்டில் புறப்படுவதாக ஏற்பாடு. அதுவரை இருவரும் எங்களோடு ஏனாத்தூரில்தான் இருந்தார்கள். பேத்திக்கு நவம்பரில்தான் மூன்று வயது முடிகிறது.

ஒரு நாள் மாலை மகள் கேட்டாள்: "அப்பா, பாப்பாவை அஞ்சு வயசு வரைக்கும் உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா? ரெண்டே வருஷம்தான். தமிழ் நல்லா வந்துடும். அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன். அங்க மூணு வயசுலயே ஸ்கூலாம், பாவம் புரியாம அழுவா."

என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஆசைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் "ரெண்டே வருஷம்" என்ற வார்த்தை என்னை 1963-க்குக் கொண்டுபோய்விட்டது. மகளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் அப்படிக் கொடுத்தார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் போட்ட கையெழுத்தே குடியுரிமையைத் தீர்மானித்தது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சித்தப்பா கொடுத்தார். எங்கள் ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்போம்.

1963-இல் சித்தப்பா குடும்பம் பம்பாய் வழியாகக் கப்பலேறி மார்செய் போனது. பிள்ளைகள் இரண்டு பேர். பெண்ணுக்கு மூன்றரை வயது, பையனுக்கு ஐந்து. பெண்ணைக் கூட்டிப் போனார்கள். பையனை ஆயாவிடம் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "அங்கே நான் கால் ஊன்றிக்கொள்கிறேன், ரெண்டு வருஷத்தில் வந்து அழைத்துப் போகிறேன்" என்றார் சித்தப்பா. அவர் வர நான்கு வருஷம் ஆயிற்று. கப்பல் செலவுக்குப் பணம் சேரவில்லை, நடுவில் சித்திக்கு உடம்பு சரியில்லை. 1967-இல் பையன் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. இங்கே தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருந்தான். வாய்ப்பாடு பதினாறு வரை சொல்லுவான்.

அங்கே அவனை ஆறு வயதுப் பிள்ளைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெஞ்சில் முழங்கால் நுழையாது என்று ஆயாவுக்கு எழுதியிருந்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதலில் பிரெஞ்சு மொழியைச் சொல்லிக் கொடுக்கும் தனி அறிமுக வகுப்புக்கு அரசின் சுற்றறிக்கை வந்தது 1970 ஜனவரியில். அவனுக்கு மூன்று வருஷம் தாமதம். அந்தக் காலத்து பிரான்சில் தேறாத பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பது சர்வ சாதாரணம். இவன் இரண்டு தடவை உட்கார்ந்தான். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் கணக்கைக் கேட்கும் வாக்கியம் புரியாது. பிறகு தொழிற்பயிற்சி, பட்டறை வேலை. நன்றாகத்தான் வாழ்ந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் அவன் படித்திருக்க வேண்டிய படிப்பு அதுவல்ல.

தங்கை கதை வேறு. அவளை மூன்றரை வயதிலேயே 'எக்கோல் மத்தெர்னெல்' என்னும் மழலைப் பள்ளியில் சேர்த்தார்கள். தொழிலாளர் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பட்ட காப்பகங்கள்தான் 1881-இல் அந்தப் பெயர் பெற்றன. மறு வருஷம் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டம் ஆறு வயதிலிருந்துதான் கல்வியைக் கட்டாயமாக்கியது. மழலைப் பள்ளி அவரவர் விருப்பம். சில மாதம் வாயே திறக்கவில்லையாம் அவள். ஒரு நாள் முழு வாக்கியமாகப் பேசினாள் என்று சித்தி எழுதினார். படிப்பில் அவளுக்கு எந்தத் தடங்கலும் இல்லை.

இப்போதைய நிலவரத்தையும் மகளுக்குச் சொன்னேன். 2019-இல் வந்த சட்டம் கட்டாய வயதை ஆறிலிருந்து மூன்றாக இறக்கிவிட்டது. சட்டம் வருமுன்பே பெரும்பாலான மூன்று வயதுப் பிள்ளைகள் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பிள்ளை எந்த நாட்டுக் குடிமகன் என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பிறந்த தேதியை அல்ல, வருஷத்தைத்தான் பார்க்கும். டிசம்பருக்குள் மூன்று முடியுமானால் அந்தச் செப்டம்பரிலேயே சேர வேண்டும். ஆக, எங்கள் பேத்தி இரண்டே முக்கால் வயதில் பள்ளிப் பிள்ளை. ஆனால் முதல் வருஷம் மட்டும் மதியத்துக்கு மேல் அனுப்பாமலிருக்கப் பெற்றோர் அனுமதி கேட்கலாம். மழலைப் பள்ளி மூன்று வருஷம். பாட்டு, களிமண், கத்தரிக்கோல், ஒலிகள், எழுத்துகள். முறையாக வாசிக்கச் சொல்லித் தருவது ஆறாம் வயதில், முதல் வகுப்பில்தான். இங்கே தமிழ்நாட்டில் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, அதற்குமுன் எல்.கே.ஜி.யிலேயே நோட்டு நிறைய எழுதவைத்துவிடுகிறோம். அதனால்தான் இங்கிருந்து போகும் பெற்றோர் "என் பிள்ளையை ஒரு வகுப்பு இறக்கிவிட்டார்கள்" என்று கோபப்படுகிறார்கள். இறக்கவில்லை, அங்கே ஏணியே வேறு.

வயது என்றதும் ஒரு விஷயம். நம் பக்கம் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தேதியைத் தலைமையாசிரியரே போட்டுக்கொள்வார். அலுவலகத்தில் சர்வீஸ் புக் எழுதிய காலத்தில் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள்! காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் அந்தக் கை வேறொன்றையும் எட்ட வேண்டியிருந்தது. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்குமாக மூன்று நாடா ஓடும். கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு துணை ஆள் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளைதான், இல்லையென்றால் முன்பணத்துக்கு வந்த பிள்ளை. தறியில் உட்காரும் வயது பள்ளி வயதுக்கு ஒத்துப்போகாமல் கெட்டுப்போன படிப்புகள் இந்த ஊரில் ஏராளம். என் மனைவியின் அண்ணன் அவர்களில் ஒருவர். அது தனியாக எழுத வேண்டிய கதை.

"அப்போ சின்ன வயசுலயே கூட்டிட்டுப் போனா நல்லதுன்னு சொல்றீங்களா?" என்றாள் மகள். மீதியையும் கேள் என்றேன்.

1981-இல் ஆயா படுத்த படுக்கையாக இருந்தபோது அண்ணனும் தங்கையும் வந்தார்கள். ஆயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ கேட்டார். அவளுக்குப் பாதி புரிந்தது, பதில் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். அவன் தமிழ் அப்படியே எங்கள் தெருத் தமிழாக இருந்தது. இரண்டு வாரம் இருந்துவிட்டு, போகும்போது அவள் என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள்: "எனக்கும் ஆயா இருந்தார், ஆனால் அண்ணனுக்கு மட்டும்தான் கிடைத்தார்."

அவள் சிறு வயதில் பள்ளிக்குப் போனது அதற்குக் காரணமில்லை என்பது என் எண்ணம். நானும் ஐந்து வயதில் தமிழ் மட்டும் தெரிந்துகொண்டு பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனவன்தான். ஆறு மாதம் ஒன்றும் புரியாமல் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா, ஆயா, தெரு எல்லாம் தமிழ். சித்தப்பா வீட்டிலோ, பள்ளியில் சொன்னார்கள் என்று வீட்டிலும் பிரெஞ்சே பேசினார்கள். சித்தப்பாவின் பட்டாளத்துப் பிரெஞ்சும் சித்தியின் அரைகுறைப் பிரெஞ்சும் அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கும்? கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற அறிஞர் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்து சொன்னது இது: விளையாட்டிடத்துப் பேச்சு ஓரிரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழியில் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். தாய்மொழியில் ஊன்றி நிற்பது அதற்குத் தடையல்ல, துணை என்றும் அவர் சொன்னார். பையனுக்கு அந்த ஏழு வருஷத்தை யாரும் கொடுக்கவில்லை. பெண்ணுக்கு அது தானாகவே கிடைத்தது. அவளுக்குக் கிடைக்காதது வீட்டில் தமிழ்.

ஐந்து வயது ஒன்பது ஆகிவிடாதுதான். ஐந்தில் போனாலும் முதல் வகுப்புக்குமுன் ஒரு வருஷம் மிச்சமிருக்கும். ஆனால் சித்தப்பாவும் ஐந்து வயதுப் பிள்ளையை இரண்டு வருஷத்துக்கென்றுதான் விட்டுப்போனார். "பாப்பாவை இப்பவே கூட்டிட்டுப் போம்மா. ஆனா வீட்டுக்குள்ள பிரெஞ்சு பேசினா நான் போனை வெச்சுடுவேன்" என்றேன். என் மனைவி அன்று இரவு என்னோடு பேசவில்லை.

விஜயதசமி வருவது அக்டோபரில், அங்கே பள்ளி திறப்பது செப்டம்பரில். அதனால் நாள் பார்க்காமல், புறப்படுவதற்கு முன் ஒரு காலை தாம்பாளத்தில் அரிசி பரப்பிப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டேன். விரலைப் பிடித்து 'அ' போட்டோம். சுழி போட்டு முடிப்பதற்குள் ஒரு கை அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.