இணையச் சந்தை ஆர்டர்களில் முகவரிச் சிக்கல்

இணையச் சந்தையில் ஆர்டர் போட்டவரின் முகவரி குறையாகவோ பிழையாகவோ பழையதாகவோ இருந்து, பார்சல் அவர் கைக்குச் சேராமல் போவதும், அதை விற்பவர்கள் கையாளும் முறைகளும் இத்தலைப்பில் அடங்கும். வீட்டு எண் விட்டுப்போவது, பின்கோடும் ஊரும் பொருந்தாமல் இருப்பது, ஆர்டர் போட்ட பிறகு வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்வது, வீடு மாறியவர் பழைய முகவரியைத் தளத்தில் அப்படியே விட்டுவைப்பது ஆகியவை அடிக்கடி நேர்கின்றன. இந்தியாவைப் பொறுத்தவரை இச்சிக்கலை அஞ்சல் துறையின் வரலாற்றிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும். தனியார் கூரியர்களும் அஞ்சல் துறை வகுத்த பின்கோட்டை வைத்தே பார்சல்களைப் பிரிக்கின்றன.

சேராத அஞ்சல்

உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத அஞ்சலை என்ன செய்வது என்பதை 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் விரிவாகவே வகுத்திருந்தது. முடிந்தால் சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முடியாவிட்டால், இரகசியம் காக்கக் கடமைப்பட்ட அதிகாரி ஒருவர் உறையைப் பிரித்து, அனுப்பியவர் யாரென்று பார்க்கலாம். அப்படியும் தெரியாத கடிதங்களும் கார்டுகளும் அழிக்கப்படும். உள்ளே பணமோ விற்கத்தக்க பொருளோ இருந்தால் ஓராண்டு வைத்திருந்து, உரிமை கோரி யாரும் வராவிட்டால் பணம் அஞ்சல் துறைக் கணக்கில் சேரும். பொருள் விற்கப்பட்டு அந்தத் தொகையும் அங்கேயே சேரும். அஞ்சலகச் சட்டம் 2023 நடைமுறைக்கு வந்த 2024 ஜூன் வரை பழைய சட்டமே ஆட்சி செய்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அன்றைய சட்டம் சேராத பொருளை யாருடைய குற்றமாகவும் பார்க்கவில்லை. அதற்கு ஓர் அலுவலகம், ஓர் அதிகாரி, ஒரு காலக்கெடு என்று பொறுப்பை வகுத்தது. பார்சலின் மேல் மட்டுமல்லாமல் உள்ளேயும் ஒரு சீட்டில் அனுப்புபவர், பெறுபவர் இருவரின் முகவரிகளையும் எழுதி வைக்கும் வழக்கம் இன்றும் பயனுள்ளது. லேபிள் கிழிந்தாலோ நனைந்தாலோ உரியவரை அடையாளம் காட்ட அந்தச் சீட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கிவரும் வி.பி.பி. முறையை இந்திய அஞ்சல் துறை 1877இலேயே தொடங்கிவிட்டது. புத்தகமும் மருந்தும் இம்முறையில் ஊர் ஊராகப் போயின. பெறுபவர் வாங்காவிட்டால் பொருள் அனுப்பியவருக்கே திரும்பும். அஞ்சல் செலவு அவர் தலையில் விழும். பிளிப்கார்ட் 2010இல் கொண்டுவந்த ‘கேஷ் ஆன் டெலிவரி’ முறையும் இதே வழியில் வந்ததுதான். முன்பணம் கட்டாதவருக்கு முகவரியைச் சரியாகத் தரவேண்டிய அவசரம் இல்லை என்னும் பழைய குறையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

பின்கோடு

ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்பட்ட உறைகள், புரியாத கையெழுத்து ஆகியவற்றால் அஞ்சல் பிரிப்பவர்கள் பட்ட பாட்டுக்குத் தீர்வாக 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. இதை வகுத்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் பட்டுவாடா அஞ்சலகத்தையும் காட்டும். 6 என்று தொடங்குவது தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. 9 படைத்துறை அஞ்சலுக்கு ஒதுக்கப்பட்டது. ‘மயிலாப்பூர், சென்னை-4’ என்ற பழைய எண் 600004 ஆனதுபோல, பெருநகரங்களில் ஏற்கெனவே இருந்த எண்கள் புதிய குறியீட்டின் வாலில் இடம்பிடித்தன.

பின்கோடு அஞ்சல் செல்லும் பாதைக்காக வகுக்கப்பட்டது. அது மாநில எல்லையையோ மாவட்ட எல்லையையோ பின்பற்றுவதில்லை. இணையச் சந்தைகளின் படிவங்கள் இதைக் கணக்கில் எடுக்காததே பல பிழைகளுக்குக் காரணம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியே இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. புதுச்சேரி நகரம் 605இல் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு விழுப்புரமும் 605602தான். காரைக்கால் 609இல், மயிலாடுதுறையோடு சேர்ந்திருக்கிறது. மாகி 673310 என்று கேரளத்து வரிசையிலும், ஏனாம் 533464 என்று ஆந்திர வரிசையிலும் வருகின்றன. முதல் மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் படிவம், விழுப்புரத்துக்காரரைப் புதுச்சேரிக்காரர் ஆக்கிவிடும்.

மாவட்டப் பிரிப்பும் இப்படித்தான். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவை தனி மாவட்டங்கள் ஆயின, பின்கோடு மாறவில்லை. தென்காசி இன்னும் 627811, அதாவது திருநெல்வேலி வரிசை. வாங்குபவர் ‘தென்காசி மாவட்டம்’ என்று எழுத, பழைய பட்டியலை வைத்திருக்கும் தளம் ‘திருநெல்வேலி’ என்று காட்டினால் பிழை அவருடையது அல்ல.

கிராமத்து முகவரி வேறு வகை. வீட்டு எண், தெரு, கிராமம், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்பது அதன் வரிசை. ‘அஞ்சல்’ என்ற வரி இல்லாவிட்டால் ஒரே பெயர் கொண்ட இரு ஊர்களைப் பிரித்தறிய முடியாது. நகரம் என்று ஒரே கட்டம் வைத்திருக்கும் படிவத்தில் கிராமத்துக்காரர் மாவட்டத்தின் பெயரைப் போடுகிறார். ஊர் காணாமல் போகிறது. சென்னையில் வேறு தொல்லை: பழைய எண், புதிய எண் இரண்டும் வழக்கில் இருப்பதால் ஒன்றை மட்டும் எழுதினால் டெலிவரி பையன் தெருவை இரண்டு முறை சுற்ற வேண்டியிருக்கும். ‘56 ஏபிஓ’, ‘99 ஏபிஓ’ என்று ஊர்ப்பெயரே இல்லாமல் வரும் படைத்துறை முகவரிக்கு அஞ்சல் துறை வழியாகவே அனுப்ப வேண்டும்; தனியார் கூரியர் பயன்படாது.

விற்பவர் செய்வது

ஆர்டரில் பதிந்த முகவரியே ஆவணம். அதில் சந்தேகம் எழுந்தால் விற்பவர் தளத்தின் செய்திப் பெட்டி வழியாக வாங்குபவரைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவதே சரியான முறை. தாமாக ஊகித்துத் திருத்துவது ஆபத்து. விட்டுப்போன மாடி எண்ணைச் சேர்ப்பது வேறு, தெருவையோ ஊரையோ மாற்றுவது வேறு. முன்னது முகவரியை நிரப்புவது. பின்னது புதிய முகவரி. பின்னதைத் தொலைபேசியில் மட்டும் கேட்டு அனுப்பினால், பொருள் வரவில்லை என்று புகார் எழும்போது விற்பவரிடம் ஆதாரம் எதுவும் இருக்காது. பதிந்த முகவரியில் ஒப்படைத்ததற்கான சான்றையே தளங்கள் ஏற்கின்றன. ஈபேயில் முகவரி மாற்றம் கேட்டால் ஆர்டரை ரத்து செய்து, சரியான முகவரியோடு மீண்டும் வாங்கச் சொல்வதே பரிந்துரை. ரத்து செய்வதற்கு, வாங்குபவரின் முகவரியில் சிக்கல் என்று தனிக் காரணமே அங்கே உண்டு. அதைத் தேர்ந்தால் விற்பவரின் தரமதிப்பு குறையாது. சந்தையே பார்சலை எடுத்துச் செல்லும் ஏற்பாட்டில் விற்பவர் லேபிளைத் தொட முடியாது. பொருள் கிளம்பும் முன் வாங்குபவரே தம் கணக்கில் மாற்ற வேண்டும்.

கிளம்பிய பிறகு, பார்சலை ஒப்படைக்க முடியாததைத் தெரிவிக்கும் கூரியரின் ‘என்.டி.ஆர்.’ அறிக்கைதான் துணை. கதவு பூட்டியிருந்தது, முகவரி போதாது, ஆள் இல்லை, வாங்க மறுத்தார் என்று காரணம் பதியப்படும். வழக்கமாக மூன்று முறை முயன்றபின் பார்சல் ‘ஆர்.டி.ஓ.’ ஆக, அதாவது அனுப்பியவருக்கே, திரும்பும். முதல் முயற்சி தவறிய அன்றே வாங்குபவரை அழைத்து அடையாளச் சின்னமும் தொலைபேசி எண்ணும் வாங்கிக் கூரியருக்குக் கொடுத்தால் பல பார்சல்கள் பிழைக்கும். தாமே அனுப்பும் சிறு விற்பனையாளருக்குப் போக்குவரத்துக் கூலி இரு வழியிலும் கையைக் கடிக்கிறது. முகவரியைப் பிழையாகத் தந்தவர் ஒருவர், கூலி கட்டுபவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு நியாயமற்றது.

முகவரி மாற்றம் வரியையும் தொடும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் மத்திய, மாநில ஜி.எஸ்.டி.; வேறு மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. பதிவு பெறாத வாங்குபவருக்குப் பில்லில் பதிந்த முகவரியே வழங்கல் இடம் என்று 2023 அக்டோபர் 1 முதல் விதி இருக்கிறது. பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறாக இருந்தால் டெலிவரி முகவரியையே கொள்ள வேண்டும் என்று 2024 ஜூன் சுற்றறிக்கை தெளிவாக்கியது. ஆக, கோயம்புத்தூர் விற்பனையாளர் சேலம் ஆர்டரை பெங்களூருக்குத் திருப்பினால் பில்லையே மாற்ற வேண்டும். விழுப்புரம், புதுச்சேரி குழப்பம் வெறும் அஞ்சல் குழப்பமாக நின்றுவிடாததும் இதனால்தான். சரக்கை எடுத்துச் செல்வதற்கான ஈ-வே பில் எடுத்த பிறகு வண்டி விவரத்தைத் திருத்தலாம். சேரும் முகவரியைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து புதிதாக எடுக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஒப்படைக்கும்போது ஓ.டி.பி. கேட்பது பரவலாகியுள்ளது. 2025 மே மாதம் அஞ்சல் துறை, ஐ.ஐ.டி. ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து ‘டிஜிபின்’ என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. நாட்டின் நிலப்பரப்பை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருவது அது. பின்கோடும் தொடர்ந்து வழக்கில் இருக்கிறது. அதே ஆண்டு பதிவு அஞ்சல், விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது.