டாம்சுலோசின்: புராஸ்டேட் வீக்க அறிகுறிகளுக்கான மருந்து

வயது ஏறும்போது பல ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்து, சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறது. டாம்சுலோசின் அச்சுரப்பியிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசைகளைத் தளர்த்தி, சிறுநீர் எளிதாக வெளியேற உதவுகிறது. சுரப்பியின் அளவை இது குறைப்பதில்லை. ஆகவே, நலம் தெரிந்ததும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.

உட்கொள்ளும் முறை

வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒருமுறை 0.4 மில்லிகிராம். நாள்தோறும் ஒரே வேளை உணவுக்குப்பின் அரை மணி நேரம் கழித்து, காப்ஸ்யூலை உடைக்காமலும் மெல்லாமலும் முழுதாக விழுங்குங்கள். மறந்த அளவை ஈடுசெய்ய இரட்டிப்பாக உட்கொள்ளாதீர்கள். சில நாள்கள் விடுபட்டிருந்தால், மீண்டும் தொடங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

• எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல் ஏற்படலாம். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது, படுக்கையில் சற்று உட்கார்ந்திருந்து பின்னர் எழுங்கள்.

• விந்து வெளியேற்றம் குறையலாம்.

• மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் சிறுநீர் கழிப்பதை மேலும் கடினமாக்கும்; மருத்துவரைக் கேட்காமல் அவற்றை வாங்காதீர்கள்.

• கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொள்வதாயின், இம்மருந்தை இப்போது உட்கொள்வதையோ முன்பு உட்கொண்டதையோ கண் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். கண்பாவையைச் சூழ்ந்த திரை தளர்ந்து, அறுவையின்போது சிக்கல் நேரலாம்.

சிறுநீர் அறவே கழிக்க இயலாவிட்டால், காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.