சர்க்கரை மாற்றுகளும் சிங்கப்பூரின் 'ஏ' தரமும்

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 அன்று பொட்டலப் பானங்களுக்கு நடைமுறைக்கு வந்த, பானங்களை 'ஏ' முதல் 'டி' வரை தரப்படுத்தும் நியூட்ரி-கிரேடு தரக்குறியீடு, ஓராண்டு கழித்துக் கடைகளில் கலக்கித் தரும் பானங்களுக்கும் விரிந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி' தரம். விளம்பரம் செய்யவும் முடியாது. 'ஏ' தரத்துக்குரிய வரம்பு 1 கிராம். ஆனால் இனிப்பூட்டி சேர்த்த பானம், சர்க்கரை துளியும் இல்லாவிட்டாலும், 'ஏ' தரம் பெறாது. செயற்கை இனிப்பூட்டியான அஸ்பார்டேமுக்கும் இலையிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவுக்கும் இவ்விதியில் வேறுபாடு கிடையாது. இயற்கை, செயற்கை என்ற பாகுபாட்டைச் சட்டம் இப்படி ஒதுக்கியது சரியே என்பதும், நம் சமையலறைகளில் அப்பாகுபாடு இன்னும் ஆட்சி செய்வது தீங்கானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

செராங்கூன் சாலை மளிகைக் கடைகளில் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் வாங்குவோர் பலர், வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகவே அவற்றை வாங்குகிறார்கள். இரும்புச் சத்தும் தாதுக்களும் அவற்றில் உண்டு என்பது உண்மை. ஆயினும் அவற்றின் பெரும்பகுதி சுக்ரோஸே. ஒரு குவளைக் காபியில் சேரும் அளவில் கிடைக்கும் தாது அற்பம், இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸோ அற்பமன்று. 2010 தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு 17.2 விழுக்காடு, சீனரிடையே 9.7 விழுக்காடு எனப் பதிவான நிலையில், கருப்பட்டியைச் சர்க்கரையாகக் கருதாதது சிறிய குழப்பம் அன்று. ஸ்டீவியாவின் கதை வேறு. அது குளுக்கோஸை ஏற்றுவதில்லை. ஆனால் பாதுகாப்பானது என ஏற்கப்பட்டது சுத்திகரித்துப் பிரித்தெடுத்த கிளைகோசைடுதான். பச்சை இலையையும் அதன் சுத்திகரிக்காத சாற்றையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இனிப்பூட்டியாக ஏற்கவில்லை. திராட்சையில் இயல்பாகவே உள்ள எரித்ரிட்டால் என்ற இனிப்பூட்டி, இரத்தத்தில் மிகும்போது மாரடைப்பு, பக்கவாத அபாயத்தோடு தொடர்புடையதாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. உடலே அதை உருவாக்குவதால் அத்தொடர்பைக் காரணம் என்று சொல்லிவிட முடியாது; ஆயினும் இயற்கை என்ற சொல் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இக்கேள்வி எழுவதே போதும். மறுபுறம், அஸ்பார்டேமைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 ஜூலையில் 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' எனும் '2பி' பிரிவில் வைத்தது. அதே சமயம் மற்றொரு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. எழுபது கிலோ எடையுள்ளவர் அவ்வரம்பைத் தாண்ட, அஸ்பார்டேம் கலந்த பானத்தை நாளொன்றுக்கு ஒன்பது கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி வளர்சிதைக் குறைபாடு உள்ளவர்களுக்கோ அஸ்பார்டேம் எந்த அளவிலும் விலக்கத்தக்கது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும்: நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பூட்டி கலந்த பானம் சர்க்கரைப் பானத்தை விட மேலானது அல்லவா, அதற்கு ஏன் 'ஏ' தரம் மறுக்க வேண்டும்? மேலானது என்பதில் ஐயமில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டி வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2023 மே பரிந்துரை, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. நீண்டகால ஆய்வுகளில் தெரியும் நீரிழிவுத் தொடர்பு, எடை கூடியவர்களே இனிப்பூட்டியை நாடுவதாலும் வந்திருக்கலாம். எனவேதான் அப்பரிந்துரை நிபந்தனைக்குட்பட்டது. ஆனால் 'ஏ' தரம் நோயாளிக்கு எழுதித் தரும் மருந்துச்சீட்டு அன்று. குழந்தைகள் உட்பட எல்லோரும் எந்த அளவு இனிப்புக்குப் பழகலாம் என்பதற்கான பொது அளவுகோல். தேக்கா நிலையத்தில் 'தே ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கேட்பவர் சர்க்கரையோடு இனிப்பின் மீதான நாட்டத்தையும் குறைக்கிறார். ஸ்டீவியா பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டுபவர் முதலாவதை மட்டுமே குறைக்கிறார். இந்த வேறுபாட்டைச் சட்டம் காண்கிறது. தமிழில் வரும் நீரிழிவு விழிப்புணர்வுச் செய்திகள் அடுத்து ஒன்று செய்ய வேண்டும்: கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகிய நான்கையும் பெயர் சொல்லிச் சர்க்கரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.