மலைநாட்டிலிருந்து எழுந்த ஆங்கிலக் கவிதை

நாங்கள் படித்த காலத்தில் ஆங்கிலம் என்றால் இலக்கணப் பயிற்சியும் கடிதம் எழுதுவதும்தான். சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் என்றொரு பாடம் உண்டு என்பது தெரியும். அது கொழும்பு, கண்டிப் பிள்ளைகளுக்குரியது என்று நாங்களாகவே ஒதுக்கிவிட்டோம். மருத்துவம் படிக்கப் போனபோது ஆங்கிலத்தில் நோயை விவரிக்கக் கற்றேன். ஒரு கவிதையை வாசிக்க எனக்கு முப்பது வயதாயிற்று.

இந்த ஒதுக்கலுக்கு வரலாறு உண்டு. 1833இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளுக்குப் பின் ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கான படியாயிற்று. கட்டணம் செலுத்த முடிந்தவர்களே அதில் ஏறினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றி, பேராசிரியர் லுடொவைக் அங்கே ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு இவையெல்லாம் மிகவும் பிந்தியே எட்டின.

ஆனாலும் ஆங்கிலக் கவிதையில் எம்மவர் பெயர்கள் இல்லாமலில்லை. 1938இல் லண்டன் சென்ற தம்பிமுத்து மறு ஆண்டே அங்கு 'பொயட்ரி லண்டன்' இதழைத் தொடங்கினார். எனக்கு அவரை விட நெருக்கமானவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராகி, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. அந்த மக்களைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கவிதை ஆங்கிலத்திலேயே பிறந்தது. சக்தீ பால அய்யா அதைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார்.

விடியலில் ஒலிக்கும் தப்போடு அக்கவிதை தொடங்குகிறது. பெயரோ கல்லறையோ இல்லாமல் தேயிலைக்கடியில் கிடப்பவர்களைப் பேசுகிறது. மன்னார்க் கரையில் இறங்கி, எமது வஹகோட்டைக்கு அதிக தூரமில்லாத தம்புள்ளைப் பாதையால் மாத்தளைக்கு நடந்தவர்களின் பரம்பரை அது. வாந்திபேதியால் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

வாசிக்கத் தொடங்கும் தங்கைமாருக்கு ஒன்று சொல்வேன்: அகராதியைப் பிறகு எடுங்கள், முதலில் சத்தமாக வாசியுங்கள். நம் யாப்பு நேர், நிரை என்று அசைகளைக் கணக்கிடும். ஆங்கிலம் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில் நடக்கிறது. மெல்லியது, அழுத்தமானது, மெல்லியது, அழுத்தமானது: ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இதய ஒலி போல. (வைத்தியர் எழுதினால் இப்படித்தான் வரும்.) நம் எதுகை அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் நிற்கும், அவர்களுடையது பெரும்பாலும் அடியின் முடிவில் வரும். தப்பொலி எந்தச் சொற்களில் கேட்கிறதென்று சி.வி.யின் அடிகளில் தேடிப் பாருங்கள். பிறகு தமிழாக்கத்தைப் பக்கத்தில் வைத்து, எது வந்தது, எது வரவில்லை என்று பாருங்கள். இரண்டு மொழியும் தெரிந்த நமக்கு மட்டுமே கிடைக்கும் வசதி இது.

அடுத்ததாக, கண்டியில் பிறந்த பறங்கியரான ஜீன் அரசநாயகம். தமிழரை மணந்த அவர் 1983இன் வன்முறையை ஆங்கிலக் கவிதைகளில் பதிந்தார். அந்த ஆண்டு எங்கள் வீடுகளில் மெல்லிய குரலில் மட்டும் பேசப்பட்டது.

சி.வி.யின் நூலை, ஆங்கிலமும் தமிழுமாக, வகுப்புக்குப் போதிய பிரதிகள் எமது நூலகத்துக்கு நூற்றாண்டு நினைவாக வாங்கலாம். சங்கம் முன்வந்தால் பாதிச் செலவை நான் ஏற்கிறேன்.