சக்கரம் பொறித்த ஊர்கள்

ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்தைச் சுற்றியும் ஸ்பெசார்ட் காட்டுப் பக்கமும் பல கிராமங்களின் சின்னத்தில் ஒரு சக்கரம் இருக்கும். சிவப்புப் பின்னணி, வெள்ளைச் சக்கரம், ஆறு ஆரக்கால். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அந்த நகரை 'மாயான்ஸ்' என்றுதான் சொல்வார். நெப்போலியன் காலத்தில் அது பிரான்சோடு சேர்ந்திருந்தது அல்லவா! சக்கரத்தின் கதையையும் முதலில் அவரிடம்தான் கேட்டேன்.

வில்லிகிஸ் என்பவர் 975-இல் மைன்ஸின் பேராயர் ஆனார். சக்கரத் தச்சரின் மகனாம். மேட்டுக்குடிப் பாதிரிமார் அவரை ஏளனம் செய்ய அரண்மனைச் சுவர்களில் சக்கரங்களை வரைந்து வைத்தார்களாம். அவரோ அழிக்கச் சொல்லாமல், அதையே தம் சின்னமாக வைத்துக்கொண்டாராம்.

என் அப்பா கட்டை வண்டிக்குச் சக்கரம் செய்தவர். குடம், வட்டை, ஆரக்கால் எல்லாம் அரிச்சுவடிக்கு முன்பே எனக்குத் தெரியும். குமாஸ்தா வேலையில் சேர்ந்த புதிதில், மேலே இருந்த ஒருவர் பெயர் சொல்லாமல் "ஏய், சக்கரம்" என்றே என்னைக் கூப்பிடுவார். அப்போதெல்லாம் வில்லிகிஸை நினைத்துக்கொள்வேன்.

ஓய்வு பெற்றபின் படித்துப் பார்த்ததில் ஒரு சங்கடம். கேடயச் சின்னம் வைக்கும் வழக்கமே 12-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. வில்லிகிஸ் 1011-லேயே இறந்துவிட்டார். மைன்ஸ் சக்கரம் முத்திரைகளில் தெரிவது 13-ஆம் நூற்றாண்டில். வட்டத்துக்குள் எழுதிய கிறிஸ்துவின் பெயரெழுத்துகளே நாளடைவில் சக்கரமாகத் தோன்றியிருக்கலாம் என்பாரும் உண்டு. அப்பா பிழைப்பை வைத்து நான் கட்டிய கோட்டை சரிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் தீட்மார் என்ற பாதிரியார், வில்லிகிஸ் காலத்திலேயே வாழ்ந்து வரலாறு எழுதியவர், ஒன்றைக் குறித்திருக்கிறார்: பிறப்பு தாழ்ந்தது என்று சொல்லி இவர் பதவிக்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆக, சக்கரம் கதை, ஏளனம் நிஜம்.

பேராயர்களின் அரசு 1803-இல் முடிந்தது. அவர்கள் எல்லைக் கற்களில் செதுக்கிய சக்கரம் காடுகளில் இன்னும் நிற்கிறது. பிறகு, பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில், கிராமங்கள் தங்களுக்கென்று சின்னம் தேடியபோது பழைய ஆட்சியின் அடையாளமாக அதையே எடுத்துக்கொண்டன. எர்ஃபுர்ட் நகரமும் அதைத்தான் வைத்திருக்கிறது. ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலக் கேடயத்திலும், சிலுவையோடும் சிங்கத்தோடும் சேர்ந்து, அது உண்டு.

பேரனுக்கு இரண்டையும் சொன்னேன். அவனுக்குச் சுவரில் வரைந்த கதைதான் பிடித்திருக்கிறது.