தங்கவயல் கடலாக இருந்தபோது: ஒளி பிடிக்கும் பாக்டீரியாவின் தொல்வரலாறு

கடல் பார்க்க வேண்டுமானால் கோலார் தங்கவயல்காரர்கள் இன்று சென்னைக்கு ரயிலேற வேண்டும். ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிரமமே இல்லை. இன்றைய தங்கவயலின் பாறைகள் அப்போது கடலடியில் உருவாகிக்கொண்டிருந்தன.

சான்று ஊரை ஒட்டியே கிடக்கிறது. எரிமலைக் குழம்பு நீருக்கடியில் வெளிப்பட்டால் அதன் மேற்புறம் சட்டென்று இறுகித் தோலாகிவிடும். உள்ளே கொதிக்கும் குழம்பு அந்தத் தோலைப் பிளந்து அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். பாறைமுகத்தில் பார்த்தால் பணியாரங்களை நெருக்கி அடுக்கியதுபோல் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி, வேகமாகக் குளிர்ந்த மெல்லிய விளிம்பு. நிலவியலார் இதைத் தலையணை லாவா என்கிறார்கள். தங்கவயலின் தலையணை லாவாவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

சுமார் 80 கிலோமீட்டர் நீளும் இதே பாறைப் பட்டையில் இரும்பும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்த அடுக்குகளும் உண்டு. நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஃபெரஸ் இரும்பு கடல்நீரில் கரைந்தே இருக்கும். ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் துருவாகப் படியும். காற்றில் ஆக்சிஜன் கணிசமாகச் சேர்ந்ததோ சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படியானால் அதற்கு முன் இரும்பைப் படியவைத்தது எது?

அமெரிக்க நிலவியலாளர் பிரெஸ்டன் கிளவுட் சயனோபாக்டீரியாவைக் கைகாட்டினார். அவை ஒளியைக் கொண்டு நீரைப் பிளந்து ஆக்சிஜனை விடுபவை. அந்த ஆக்சிஜனைக் கடலின் இரும்பு விழுங்கிக்கொண்டது என்பது அவர் வாதம். நெடுங்காலம் இதுவே பாடம். 1993இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் விட்டல் குழு ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்தது. ஒளியில் வளரும் சில ஊதா பாக்டீரியாக்கள் நீருக்குப் பதில் ஃபெரஸ் இரும்பிலிருந்தே எலெக்ட்ரானை எடுக்கின்றன. ஆக்சிஜன் விடுவதில்லை, துருவை மட்டும் விட்டுச்செல்கின்றன. 1999இல் வட கடலோரச் சேற்றிலிருந்து இதே தொழில் செய்யும் ரோடோவுலம் இனங்கள் இரண்டு கிடைத்தன. ஆக, ஆக்சிஜனே இல்லாத கடலிலும் இரும்பு படிந்திருக்க முடியும். என் பார்வையில், கோலார் போன்ற தொன்மையான படிவுகளுக்கு இந்த விளக்கமே கூடுதலாகப் பொருந்துகிறது.

ஆனால் பொருந்துவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. கோலார் பாறைகள் பூமிக்குள் வெந்து நசுங்கி உருமாறியவை. நுண்ணுயிரின் உருவம் அவற்றில் மிஞ்சுவது அரிது. கோலாரும் அடங்கிய தார்வார் நிலத்திட்டின் சித்ரதுர்கா, சந்தூர்ப் பகுதிகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் கட்டிய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் கிடைத்திருப்பதால், அக்காலக் கடல் வெறுங்கடல் அல்ல என்பது வரை சொல்லலாம்.

மிச்சத்தை மரபணுவில்தான் தேட வேண்டும். அங்கும் சிக்கல் உண்டு. ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸ் என்ற ஊதா பாக்டீரியாவில், பாக்டீரியப் பச்சையத்தை ஆக்கும் மரபணுக்களும் ஒளிவினை மையத்தின் புரத மரபணுக்களும் ஏறத்தாழ 46,000 கார இணைகளுக்குள் ஒரே கொத்தாக நெருங்கியிருக்கின்றன. கொத்தாக இருப்பதால் இனம் விட்டு இனம் கொத்தோடு தாவவும் முடியும். எனவே உயிரியின் வம்சாவளியும் அது ஒளி பிடிக்கும் முறையின் வம்சாவளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீரிலிருந்து எடுத்த டி.என்.ஏ. துண்டு ஒன்று இன்னொரு வியப்பைத் தந்தது: புரோட்டியோரோடாப்சின். ரெட்டினால் நிறமியோடு சேர்ந்தால் இந்த ஒற்றைப் புரதமே ஒளியால் இயங்கும் புரோட்டான் பம்பு. பச்சையம் வேண்டாம், கொத்தும் வேண்டாம்.

வாழிடமும் ஒளி பிடிக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கருங்கடலில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், மங்கிய வெளிச்சத்தின் கடைசிச் சொட்டில் பசுங்கந்தக பாக்டீரியா பிழைக்கிறது. (3,200 மீட்டர் இறங்கிய தங்கவயல் சுரங்கத்தில் அதற்கும் வேலையில்லை.) நம் கரையிலும் ஊதா பாக்டீரியாக்களின் சுற்றத்தார் உண்டு. கோவாவின் அலையாத்தி மண்ணிலிருந்து கிடைத்த மாரிக்ரோமேட்டியம் இண்டிகம் 2005இலும், விசாகப்பட்டினத்தின் பெயர் தாங்கிய ரோடோவுலம் இனம் 2007இலும் அறிவியல் பெயர் பெற்றன. சசிகலா, வெங்கட ரமணா ஆகியோரின் ஹைதராபாத் ஆய்வுக்குழுக்கள் செய்த பணி அது.

தங்கவயல் போகிறவர்கள் சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பணியாரப் பாறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சுத்தியல் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.